மரச்சாமானுக்கு முதல் ஸ்ப்ரே கன்: கம்ப்ரசரைப் பார்த்து வாங்குங்கள்

நாகர்கோவில் பக்கம் சிறிய பட்டறை வைத்திருப்பவர் கேட்டது இது. தேக்கு, அயினி, பலா மரங்களில் கட்டில், அலமாரி, டைனிங் டேபிள் செய்கிறார்கள். இதுவரை பிரெஞ்சு பாலிஷும், துணியால் தேய்க்கும் மெலமைனும்தான். இப்போது வருகிறவர்கள் பி.யு. (பாலியூரிதேன் பூச்சு) கேட்கிறார்கள். தூசி ஊதவும் பின் அடிக்கவும் வாங்கிய 1 எச்.பி. கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது. நண்பர் ஒருவர் குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் எச்.வி.எல்.பி. கன்தான் நல்லது என்கிறார். கடைக்காரர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கப் கன்னே போதும் என்கிறார். இணையத்தில் கம்ப்ரசரே வேண்டாத மின்சார கன் விற்கிறது. முதல் கன்னாக எதை வாங்குவது?

முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மேலே கப் வைத்த, 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை நாசில் (பெயிண்ட் வெளியே வரும் துளை) உள்ள, நிமிடத்துக்கு 6 கன அடிக்கு மேல் காற்று கேட்காத, உதிரி பாகம் உங்கள் ஊரிலோ திருநெல்வேலியிலோ கிடைக்கிற ஒரு கன் வாங்குங்கள். பெரிய எச்.வி.எல்.பி. கன்னை இந்தக் கம்ப்ரசரோடு வாங்காதீர்கள். கன்னுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நீர்ப்பிடிப்பானுக்கும், நல்ல ஹோஸுக்கும், முகக்கவசத்துக்கும் எடுத்து வையுங்கள். இவற்றில் எதை விட்டாலும் எவ்வளவு விலை உயர்ந்த கன்னும் உங்களுக்கு நல்ல பினிஷ் தராது.

இனி காரணங்கள். எல்லாம் காற்றில் தொடங்குகிறது. கன் ஒவ்வொன்றும் எந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று கேட்கிறது என்பது அதன் தாளில் அச்சாகியிருக்கும். சி.எஃப்.எம். என்று போட்டிருப்பார்கள், அல்லது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று. ஒரு சி.எஃப்.எம். என்பது சுமார் 28 லிட்டர். கம்ப்ரசரின் தகட்டிலும் இதே அலகில் ஒரு எண் இருக்கும். ஆனால் பல சமயம் அது பிஸ்டன் அசைந்து தள்ளுகிற அளவுதான், குழாய் வழியே வெளியே வந்து சேர்கிற காற்றின் அளவு அல்ல. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 1 எச்.பி. கம்ப்ரசரில் தகட்டு எண் 4 சி.எஃப்.எம். அளவில் இருந்தால், கையில் கிடைப்பது 3-க்கும் குறைவு, அதாவது நிமிடத்துக்கு சுமார் 80 லிட்டர்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் டேங்க் 90 லிட்டர், அதில் 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் ஏற்றியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 165 லிட்டர் கேட்கும் ஒரு சிறிய கன்னுக்குக் கைப்பிடியில் 3 கிலோ வேண்டும். ஹோஸில் இழப்பதையும் சேர்த்தால் டேங்க் 4 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது. 8-லிருந்து 4 வரை இறங்கும்போது டேங்க் தருவது 360 லிட்டர் காற்று. மோட்டார் நிற்காமல் ஓடி நிமிடத்துக்கு 80 லிட்டர் சேர்த்துக்கொண்டே இருந்தாலும், நிமிடத்துக்கு 85 லிட்டர் குறைகிறது. ஆக, நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் தொடர்ந்து அடிக்கலாம். அதே கம்ப்ரசரில் நிமிடத்துக்கு 350 லிட்டர் கேட்கும் எச்.வி.எல்.பி. கன்னை மாட்டினால்? அதற்கு அழுத்தம் குறைவாகப் போதும் என்பதால் 3 கிலோ வரை இறங்க விட்டாலும் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

ஆறுக்கு மூன்றடி டேபிளின் மேல்பலகைக்கு ஒரு கோட் அடிக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதை இரண்டு கன்னுமே முடித்துவிடும். அடுத்து ஓரங்களும் சட்டமும் கால்களும் இருக்கின்றன. அலமாரி என்றால் உள்ளறைகள், தட்டுகள், கதவின் இரு பக்கம். காற்று இறங்க இறங்கப் பொடியாகப் பிரிந்து விழ வேண்டிய பெயிண்ட் திவலை திவலையாக விழ ஆரம்பிக்கும். முதல் கதவு கண்ணாடி மாதிரி இருக்கும், மூன்றாவது கதவில் ஆரஞ்சுத் தோல் போல் மேடுபள்ளம் வந்திருக்கும். கன் சரியில்லை, தின்னர் சரியில்லை, ஆள் சரியில்லை என்று பட்டறைகளில் நடக்கும் சண்டையில் பெரும்பங்கு இந்தக் காற்றுப் பற்றாக்குறையால் வருவதுதான். நடுவில் நிறுத்தி டேங்க் ஏற விடலாமே என்றால், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த ஓரத்தின் மேல் புது ஈரம் விழுந்த இடம் சொரசொரப்பாகத் தெரியும். போதாததற்கு, ஓய்வில்லாமல் ஓடும் சிறிய கம்ப்ரசர் சூடாகும், சூடானால் நீராவியையும் எண்ணெயையும் கூடுதலாகத் தள்ளும்.

அதனால் 1 எச்.பி.யை வைத்து ஸ்டூல், டீப்பாய், போட்டோ பிரேம், ஒற்றைக் கதவு என்று பழகலாம். கட்டிலும் அலமாரியும் தொழிலாக அடிக்க வேண்டுமானால் 2 எச்.பி.யாவது வேண்டும். முழு அளவு எச்.வி.எல்.பி. கன்னுக்கு 3 எச்.பி.யும் இழுபறிதான், 5 எச்.பி. என்றால் நிம்மதி. கோவையில் தயாராகும் எல்ஜி உட்பட நல்ல பிஸ்டன் கம்ப்ரசர்களுக்கு நம் ஊரில் சர்வீஸ் ஆட்கள் கிடைக்கிறார்கள். பழைய கம்ப்ரசர் வாங்குவதானாலும் டேங்கின் அடிப்பக்கம் துரு அரித்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த டேங்க் உள்ளே துருப்பிடித்து மெலிந்திருக்கலாம்.

உங்கள் நண்பர் எச்.வி.எல்.பி. சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சாதாரண கன் அதிக அழுத்தத்தில் பெயிண்டைச் சிதறடிக்கிறது. பொடிப்பொடியாகப் பிரியும், பினிஷ் நன்றாக வரும். ஆனால் வேகமாகப் போய் மரத்தில் மோதி எதிர்த்து வரும் காற்றோடு பெயிண்டில் பாதிக்கு மேல் புகையாகப் போய்விடும். நாற்காலிக் கால், கடைசல் பிடித்த தூண் மாதிரி மெல்லிய உருப்படிகளில் இழப்பு இன்னும் கூடும். எச்.வி.எல்.பி. என்பது அதிகக் காற்று, குறைந்த அழுத்தம். தெற்குக் கலிபோர்னியாவின் காற்றுத்தர விதிகள் இதற்கு வைத்த வரையறை, ஏர் கேப்பில் (கன்னின் முனையில் காற்று வெளிவரும் மூடி) அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது சுமார் 0.7 கிலோவுக்கு, மேல் போகக் கூடாது என்பது. அடிக்கிற பெயிண்டில் 65 சதவீதமாவது பொருளில் போய்ச் சேர வேண்டும் என்பதும் அங்கிருந்து வந்த அளவுகோல்தான். பி.யு. விலைக்கு இது சிறிய மிச்சமல்ல. பட்டறையில் புகை குறைவதால் மூச்சுக்கும் நல்லது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்குக் காற்று என்கிற விலையைக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே எல்.வி.எல்.பி. என்று ஒரு வகை இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில், 4 முதல் 6 சி.எஃப்.எம். காற்றில் வேலை செய்யும்படி ஏர் கேப்பைச் செதுக்கியிருப்பார்கள். பெயிண்ட் விரிந்து விழும் விசிறி வடிவம் சற்றுக் குறுகலாக இருக்கும், வேலை சற்று மெதுவாக நடக்கும். உங்கள் அளவு பட்டறைக்கு அது குறையே அல்ல. சிறிய சாதாரண கன்னா, எல்.வி.எல்.பி.யா என்று கேட்டால், உதிரி பாகம் எதற்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள் என்பேன். இரண்டிலும் பினிஷ் வரும்.

கப் எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்தது. கீழே பெரிய டப்பா தொங்கும் கன் உறிஞ்சும் வகை. முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும். ஷட்டர், கேட் அடிப்பவர்கள் கையில் அதைத்தான் பார்த்திருப்பீர்கள். பெயிண்டைக் கீழேயிருந்து மேலே இழுக்க வேண்டியிருப்பதால் அதற்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், அடியில் கொஞ்சம் மிச்சமும் நிற்கும். மேலே கப் உள்ளதில் பெயிண்ட் தன் எடையாலேயே இறங்கிவிடும். குறைந்த அழுத்தம் போதும், கடைசிச் சொட்டு வரை தீரும், கழுவத் தின்னரும் கொஞ்சம்தான் ஆகும். பி.யு.வை அதை இறுக வைக்கும் ஹார்ட்னரோடு கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிச்சம் கொட்டத்தான் ஆகும். அதனால் 400 அல்லது 600 மில்லி மேல் கப் உங்களுக்குச் சரி. அலமாரியின் உள்ளறையில் கன்னைச் சாய்க்கும்போது மூடி வழியாக ஒழுகுகிறதா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கப்பைப் பக்கவாட்டில் மாட்டித் திருப்பிக்கொள்ளும் வகை கிடைத்தால் உள்ளறை வேலைக்கு இன்னும் வசதி. பெயிண்டைத் தனித் தொட்டியில் அழுத்தம் கொடுத்து அனுப்பும் பிரஷர் பாட் பெரிய ஆர்டர்கள் வந்த பிறகு யோசிக்க வேண்டியது.

நாசில் விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள், ஆனால் அது எளிது. எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பெரிய துளை. ஸ்டெயின் மாதிரி தண்ணியானவற்றுக்கு 1.0 முதல் 1.3. என்.சி. லேக்கர், மெலமைன், பி.யு. மேல்கோட்டுக்கு 1.3 முதல் 1.5. மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிக்கோட்டான சீலருக்கு 1.5 முதல் 1.8. வெள்ளை பிரைமர், சர்ஃபேசர் மாதிரி நிறப்பொடி நிறைந்தவற்றுக்கு 1.8 முதல் 2.0. ஒரே ஒரு நாசில்தான் முடியும் என்றால் 1.4 அல்லது 1.5 வாங்குங்கள், சீலரையும் அதிலேயே சமாளிக்கலாம். நாசில், அதன் துளையை அடைத்துத் திறக்கும் ஊசியான நீடில், ஏர் கேப் மூன்றும் ஒரு தொகுதியாக வருபவை. அளவை மாற்றினால் குறைந்தபட்சம் நாசிலையும் நீடிலையும் ஜோடியாக மாற்ற வேண்டும். 1.3 நீடிலை 1.8 நாசிலில் போட்டால் அடைக்காது, சொட்டும்.

துளை சிறியது, பெயிண்ட் வரவில்லை என்று தின்னரைக் கொட்டிக்கொண்டே போகும் பழக்கம் இருக்கிறதே, அதைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். தின்னர் கூடினால் நிமிர்ந்த பரப்பில் ஒழுகும், படலம் மெலிந்துபோகும், இரண்டு கோட்டில் வர வேண்டியது நான்கு கோட் ஆகும். ஃபோர்டு கப் 4 என்று அடியில் துளையிட்ட ஒரு சிறிய கிண்ணம் கிடைக்கும். நிறைய ஊற்றிவிட்டு, அறுபடாமல் ஒழுகும் தாரை முதன்முறை அறுபடும் வரை கடிகாரத்தில் பாருங்கள். லேக்கருக்கும் பி.யு. மேல்கோட்டுக்கும் 18 முதல் 22 நொடி நல்ல தொடக்கம். டப்பாவில் கம்பெனி வேறு எண் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். காலையில் கலந்ததும் உச்சிவெயிலில் கலந்ததும் ஒரே மாதிரி ஓடாது. அந்த வித்தியாசத்தைக் கைப்பழக்கம் பிடிக்க வருடங்கள் ஆகும், கிண்ணம் அன்றைக்கே சொல்லிவிடும்.

தின்னர் பற்றி இன்னொன்று. என்.சி. தின்னரைப் பி.யு.வில் ஊற்றக் கூடாது. அதில் ஆல்கஹாலும் ஈரமும் இருக்கும். பி.யு.வின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ரெசினோடு சேர்வதற்குப் பதில் அவற்றோடு சேர்ந்துவிடும். படலம் மென்மையாகவே நிற்கும், நகம் பட்டால் பதியும். கன்னை என்.சி. தின்னரில் கழுவியிருந்தால், பி.யு. ஊற்றும் முன் ஒருமுறை பி.யு. தின்னரை ஓடவிடுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சீலருக்கு முன் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைப்பது நல்லது.

மின்சார கன்னைப் பற்றிக் கேட்டீர்கள். கையில் பிடிக்கும் 500, 700 வாட் கன்கள் பெரும்பாலும் சுவர்ப் பெயிண்டை நினைத்துச் செய்தவை. துளை பெரியது, பொடி முரடு. கட்டிலின் அடிச்சட்டம், அலமாரியின் முதுகுப்பலகை, வேலிப்படல் இவற்றுக்குப் போதும். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரிய வேண்டிய டேபிளுக்குப் போதாது. தரையில் வைக்கும் மூன்று, நான்கு, ஐந்து அடுக்கு டர்பைன் உள்ளவை வேறு ரகம். அவற்றின் காற்றில் எண்ணெய் இருக்காது, டேங்கில் தேங்கும் தண்ணீரும் இருக்காது. நல்ல பினிஷ் தரும். ஆனால் கம்ப்ரசரும் சேர்த்து வாங்கும் விலை வந்துவிடும், பழுதானால் பார்க்க ஆள் தேட வேண்டும், ஊதுகிற காற்று சூடாக இருப்பதால் நம் வெயிலில் லேக்கர் அவசரமாகக் காயும். ஏற்கெனவே கம்ப்ரசர் வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

கடையில் கன் வாங்கும்போது பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் அனெஸ்ட் இவாட்டா, அமெரிக்காவில் பிறந்த டெவில்பிஸ், ஜெர்மனியின் சாட்டா ஆகியவை தலைமுறைகளாக இதே வேலையைச் செய்பவை. டெவில்பிஸின் தொடக்கம் சுவாரசியமானது. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற டாக்டர் 1888-இல் தொண்டைக்கு மருந்து தெளிக்கும் கருவி செய்தார். பிறகு அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். நம் பட்டறைகளில் நன்கு அறிமுகமானது இவாட்டாவின் டபிள்யூ-71, பெரிய வேலைக்கு டபிள்யூ-77. உங்கள் தேவைக்கு 71 அளவுதான் பொருத்தம். இந்தியத் தயாரிப்பில் பைலட் கன்களைப் பழைய பாலிஷ்காரர்கள் பலர் வைத்திருப்பார்கள். எஃப்-75 என்ற எண்ணோடு பல பெயர்களில் வரும் மலிவான கன்னும் உண்டு. கடைக்காரர் காட்டியது அதுவாகத்தான் இருக்கும். சீலர் அடிக்கவும் கை பழகவும் அது உதவும். ஒன்று நன்றாக அமையும், அடுத்தது அமையாது என்பதுதான் அதன் சிக்கல். தெரிந்த மாடல்களுக்குப் போலிகளும் வருகின்றன. பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பார்க்க வேண்டியது இது. நீடிலைக் கழற்றி அதன் முனையை நகத்தின் மேல் ஓட்டுங்கள், வழவழவென்று போக வேண்டும். நாசிலும் நீடிலும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நாளைக்குத் தண்ணீரில் கரையும் பி.யு. அடிக்க நேர்ந்தாலும் கவலையில்லை. டிரிகரை இழுக்கும்போது முதலில் காற்று மட்டும் வர வேண்டும், இன்னும் இழுத்த பிறகே பெயிண்ட். இந்த இரண்டு படியும் விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு கடையிலேயே தண்ணீர் ஊற்றி, ஒரு அட்டையின் மேல் கன்னை அசைக்காமல் ஒரு நொடி மட்டும் அடித்துப் பாருங்கள். இரு முனையும் ஒரே கனத்தில், நீள்வட்டமாக விழ வேண்டும். ஒரு பக்கம் கனத்தோ, வாழைப்பழம் போல் வளைந்தோ விழுந்தால் ஏர் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அடியுங்கள். கோணலும் கூடவே பக்கம் மாறினால் குறை ஏர் கேப்பில். மாறாமல் அதே பக்கம் நின்றால் நாசிலில். புதுக் கன்னில் இரண்டில் எது வந்தாலும் வேறு கன் கேளுங்கள். பல வருடம் கழித்துப் பழுது பார்க்கும்போதும் இதே சோதனைதான் கைகொடுக்கும். கடைசியாக, இதற்கு நாசில் செட்டும், கசிவைத் தடுக்கும் பேக்கிங்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். வரவழைத்துத் தருகிறேன் என்பது பதில் அல்ல. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: ஈரம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கடலும் பக்கத்தில். வருடத்தில் பல மாதம் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை அழுத்தினால் தண்ணீராகப் பிழிந்து வரும். அது கன் வழியாக வந்து விழுந்தால் என்.சி.யில் கொப்புளம். பி.யு.வில் இன்னும் மோசம். ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும், அது படலத்துக்குள் குமிழாக நின்றுவிடும். மறுநாள் பார்த்தால் ஊசி குத்தியது போல் புள்ளிகள். மரத்தில் குறையோ என்று நினைத்து இன்னொரு கோட் அடித்தாலும் போகாது.

நீர்ப்பிடிப்பானைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டி வைப்பார்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய்விடும். போகும் வழியில் குளிர்ந்து ஹோஸுக்குள் நீராகும். ஆகவே கம்ப்ரசரிலிருந்து ஏழெட்டு மீட்டராவது இரும்புக் குழாயில் காற்றை ஓடவிட்டு, குளிர்ந்த பிறகு, அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீர்ப்பிடிப்பானையும் ரெகுலேட்டரையும் மாட்டுங்கள். குழாயைக் கம்ப்ரசர் பக்கம் சற்றே சரியும்படி போட்டு, கிளையை மேல்பக்கத்திலிருந்து எடுத்துக் கீழே வளைத்தால் தேங்கும் நீர் கிளைக்குள் வராது. டேங்கின் அடித்திருகை மாலையில் வேலை முடிந்ததும் திறந்து வடியுங்கள். மழைக்காலத்தில் மதியமும் ஒருமுறை.

வெளிக்காற்றின் ஈரத்தை எந்தப் பிடிப்பானும் பிடிக்காது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதன் மேல் பனித்து, லேக்கர் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். மழை பெய்துகொண்டிருக்கும்போது என்.சி. அடிக்காதீர்கள், அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சிறிதளவு சேருங்கள். லேசாக வெளுத்ததை மறுநாள் வெயில் ஏறிய பிறகு ரிடார்டர் தின்னரை மெல்லிய பனிபோல் மேலே தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆடிக்காற்றில் வேறு தொல்லை, புழுதி. தரையை முன்கூட்டியே நனைத்து, காற்று வரும் பக்கம் படுதா கட்டிவிட்டு அடியுங்கள்.

ஹோஸ் 8 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது. பின் அடிக்கப் பயன்படும் மெல்லிய சுருள் ஹோஸில் கன்னை மாட்டினால் ரெகுலேட்டரில் 4 கிலோ காட்டும், கன்னுக்கு வந்து சேர்வது அதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். கைப்பிடியில் ஒரு சிறிய கேஜ் மாட்டி, டிரிகரை இழுத்துப் பிடித்தபடி அழுத்தத்தைப் படியுங்கள். விட்டிருக்கும்போது காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பி.யு. அடிக்கும்போது கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் எதையும் தடுக்காது. தூசிக்கான என்-95 ஆவியைத் தடுக்காது. ஐசோசயனேட் நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே ஆஸ்துமா போல் இழுக்கும். அந்த நிலைக்கு வந்தவர் பி.யு. பக்கமே போக முடியாமல் ஆகலாம். வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகக்கவசம்தான் முழுப் பாதுகாப்பு. அது முடியாதபட்சத்தில் கரிமக் கரைப்பான் ஆவிக்கான கேட்ரிட்ஜும், முன்னால் துகள் வடிகட்டியும் சேர்ந்த இறுக்கமான ரப்பர் கவசம் கட்டாயம் வேண்டும். ஐசோசயனேட் மூக்குக்கு வாசனையாகத் தெரியும் முன்பே கேடு செய்யும். எனவே வாசம் வந்ததும் மாற்றலாம் என்று காத்திராமல் தேதி குறித்து கேட்ரிட்ஜை மாற்றுங்கள். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது. கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் சேர்த்து. பக்கத்தில் உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கும் பையனையும் அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுங்கள். உங்களுக்குக் கவசம் இருக்கும், அவனுக்கு இருக்காது.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் வெளியேற்றும் விசிறி தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் மோட்டார் ஆவி போகும் பாதையில் இருக்கவே கூடாது. பொறி ஒன்று போதும். கம்ப்ரசரையும் சுவிட்சையும் அடிக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். என்.சி. லேக்கரின் காய்ந்த தூள் சட்டென்று பற்றும். சுவரிலும் தரையிலும் சேர விடாமல் ஈரம் தெளித்துப் பெருக்குங்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி விரித்துப் போடுங்கள்.

கை பழகும் விதம் சுருக்கமாக. பழைய பிளைவுட் துண்டை நிமிர்த்தி வைத்துத் தொடங்குங்கள். தூரம் ஒரு சாண் அளவு, 15 முதல் 20 செண்டிமீட்டர். மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளோடு கை நகர வேண்டும். சுழற்றினால் நடுவில் கனக்கும், ஓரத்தில் வறளும். பலகைக்கு வெளியே டிரிகரை இழுத்து, உள்ளே கடந்து, வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். விளக்கைப் பரப்புக்குச் சாய்வாக வைத்து ஈரத்தின் மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். மினுக்கம் தொடர்ச்சியாக வந்தால் வேகம் சரி. சொரசொரவென்று வந்தால் தூரம் அதிகம் அல்லது காற்று அதிகம். ஆரஞ்சுத் தோல் என்றால் கெட்டி அதிகம் அல்லது காற்று குறைவு. ஒழுகினால் கை மெதுவாகப் போகிறது, அல்லது பெயிண்ட் திருகு அதிகம் திறந்திருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு திருகை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

கழுவுவதை வேலையின் கடைசிப் பகுதியாக எண்ணுங்கள். பி.யு. அடித்தால் டீ குடிக்கப் போகும் முன்பே கழுவியாக வேண்டும், கன்னுக்குள் இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் கரைக்காது. மிச்சத்தைக் கொட்டி, கொஞ்சம் தின்னர் ஊற்றிக் குலுக்கி அடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். ஏர் கேப்பைக் கழற்றித் தின்னரில் ஊறப் போடலாம். முழு கன்னையும் டப்பாவில் முக்கி வைக்காதீர்கள், பேக்கிங் காய்ந்து சுருங்கும், காற்றுப் பாதையில் அழுக்கு ஏறும். பேக்கிங் போனாலோ நாசில் தளர்ந்தாலோ அடிக்கும்போது துப்பும், கப்பில் குமிழி வரும். கப் மூடியின் சிறு துளை அடைத்தால் பெயிண்டே இறங்காது. பலர் அதற்காக முழு கன்னையும் பிரித்துவிடுவார்கள், முதலில் மூடியைப் பாருங்கள். துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள், பல்குச்சியும் மெல்லிய பிரஷும் போதும். நாசிலைத் திருகிக் கழற்றும் முன் நீடிலைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். நீடிலுக்கு வாரம் ஒருமுறை சிலிகான் கலக்காத எண்ணெய் ஒரு சொட்டு. சிலிகான் ஒட்டிய கன்னில் அடுத்து அடிக்கும் கோட்டெல்லாம் மீன்கண் போல் குழி விழும்.

ஆர்டர் கூடும்போது இரண்டாவது கன் தேவைப்படும். அப்போது வேறு கம்பெனிக்குத் தாவாமல் இதே மாடலில் 1.8 நாசிலோடு வாங்கி, அதைச் சீலருக்கும் வெள்ளைப் பிரைமருக்கும் மட்டும் வையுங்கள். பேக்கிங், டிரிகர், கப் எல்லாம் ஒன்றுக்கொன்று மாட்டிக்கொள்ளலாம். வெள்ளை போன கன்னில் தெளிந்த பி.யு. அடித்தால் எவ்வளவு கழுவியிருந்தாலும் ஒருநாள் தேக்கின் மேல் ஒரு வெள்ளைத் துகள் வந்து விழும். எனவே முதல் கன்னைத் தெளிந்த மேல்கோட்டுக்கென்றே ஒதுக்கி, கைப்பிடியில் வண்ண டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.